ஒரு டப்பா ஸ்டூ

ஷர்மினி இன்றைக்கும் ஸ்டூவை டப்பாவில் எடுப்பதை ஜோவான் பார்த்துவிட்டாள்.

இது மூன்றாவது சனிக்கிழமை. பரிமாற ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, அடுப்படியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, இரண்டு கரண்டி. அதுவும் அடியில் துழாவி, கறியாகத் தேடி.

ஜோவானுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு தேவாலயத்தின் பின்கட்டில், சனிக்கிழமை மதியம் இல்லாதவர்களுக்குச் சாப்பாடு போடுவது அவள் ஆரம்பித்த காரியம். முன்பு நாற்பது பேர் வந்தார்கள். இப்போது எண்பதைத் தாண்டுகிறது. விலைவாசி ஏற ஏற வரிசை நீள்கிறது. பானையில்தான் ஒன்றும் இல்லை. கோழிக்கறி போய்க் கழுத்தும் முதுகெலும்பும் ஆகிவிட்டது. கேரட்டை நிறுத்தி முட்டைக்கோஸ். தேங்காய்ப்பால் கட்டுப்படியாகவில்லை என்று, பருப்பை மசித்து ஊற்றிக் கெட்டியாக்குகிறாள்.

போன வாரம் கடைசியாக நின்ற சீனப் பாட்டிக்கு வெறும் சாறுதான் ஊற்ற முடிந்தது. அந்த அம்மா அதற்கும் தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அது இன்னும் ஜோவானின் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது.

அதில் போய் இவள் கை வைக்கிறாள்!

கூட்டம் கலைந்ததும், பானை கழுவிக்கொண்டிருந்த ஷர்மினியிடம் போய் நின்றாள்.

"டப்பாவை வெளியே எடு."

ஷர்மினி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"சம்பளம் இல்லாம வந்து காய் நறுக்குற, சரி. அதுக்குன்னு இப்படியா? கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன்லா."

"எனக்கு இல்லக்கா. எங்க மாடியில ஒரு அங்கிள், தனியா இருக்காரு. காலையில நாலு பிஸ்கட்டு, கோப்பி. ராத்திரிக்கும் அதேதான். கண்ணால பார்த்தேன்."

"அப்போ அவரை இங்க வரச் சொல்லு. பசிக்குதுன்னு வர்றதுல என்ன வெக்கம்? இத்தனை பேர் நிக்கல?"

"அவரால முடியாதுக்கா."

"நடக்க முடியாதா?"

"நடப்பாரு."

"அப்புறம் என்ன? யாரு அவரு, பேரைச் சொல்லு."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

"நல்லா இருக்கே கதை!" ஜோவான் கார் சாவியை எடுத்தாள். "வந்து கெரெத்தாவுல ஏறு. நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். அப்படி ஒருத்தர் இருந்தா உன்கிட்ட மன்னிப்பு கேக்கிறேன். இல்லன்னா அடுத்த வாரத்துலேர்ந்து நீ வராத."

"வேணாம்க்கா, ப்ளீஸ்."

"ஏறு."

வழியெல்லாம் ஷர்மினி மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு வந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"அவருக்குப் பிள்ளைங்க இல்லையா?"

"ஒரு மகன் இருக்காரு. மருமகளும் இருக்காங்க."

"எங்க, கோலாலம்பூர்லயா?"

"இங்கதான்க்கா. பினாங்குலதான்."

"ச்சே, என்ன ஜென்மங்க! பெத்தவரைப் பட்டினி போட்டுட்டு இவங்களுக்கெல்லாம் எப்படித்தான் சோறு இறங்குதோ!"

ஷர்மினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அடுத்த சிக்னல்ல இடது பக்கம்க்கா."

ஆயர் ஈத்தாம் பக்கம் பழைய அடுக்குமாடிகள். ஜோவானின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. இரண்டு மாதமாக வருகிறாள் ஷர்மினி. எங்கே இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த இடம் ஜோவானுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுக்க வந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதமாக வரவில்லை. அவள் கணவன் ஷான் ஞாயிறு தவறாமல் போன் போடுவான். "சாப்பிட்டீங்களாப்பா?" என்பான். "ஆச்சுப்பா" என்று பதில் வரும். அதோடு சரி.

லிஃப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு மாடியாக ஏறினார்கள். ஷர்மினி மூன்றாவதிலேயே நின்றுவிட வேண்டும், நாலாவதிலாவது நிற்க வேண்டும் என்று ஜோவான் ஒவ்வொரு படியிலும் வேண்டிக்கொண்டாள்.

ஐந்தாவது மாடி. கடைசிக் கதவு. ஷர்மினி தட்டினாள்.

கைலியும் பனியனுமாகக் கதவைத் திறந்தார் ஷானின் அப்பா இராயப்பன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"வந்துட்டியாம்மா..." என்றவர், பின்னால் நின்ற மருமகளைப் பார்த்ததும் டப்பாவை நோக்கி நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"அட, ஜோவானா? வாம்மா, வா. ஷான் நல்லா இருக்கானா? இது... இந்தப் பொண்ணு சும்மா ருசி பார்க்கக் கொண்டுவந்து கொடுக்கும்லா. எனக்கு ஒண்ணும் குறையில்ல."

உள்ளே மேசைமேல் பிஸ்கட் டின் திறந்து கிடந்தது. பக்கத்தில் பாதி குடித்த கோப்பி.

ஜோவான் ஷர்மினியிடமிருந்து டப்பாவை வாங்கி, உள்ளே போய் அந்த மேசைமேல் வைத்தாள்.

"எங்ககிட்ட சொல்லாட்டியும் போகுது மாமா. நான் சாப்பாடு போடுற இடத்துக்காவது வந்திருக்கலாமே? ஊருக்கெல்லாம் போடுறேனே..."

"வந்தேன்மா, ஒரு நாள். கேட் வரைக்கும் வந்தேன்." இராயப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல், மெல்லச் சொன்னார். "நீ கரண்டியோட நின்னுக்கிட்டிருந்த. எல்லாரும் உன்னை அக்கா, அக்கான்னு அவ்வளவு மரியாதையா கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்த வரிசையில நான் வந்து நின்னா உன் பேரு என்னம்மா ஆகும்?"