வந்தால் விழும்

"செத்துருச்சு!" என்றான் சர்மத்.

கஹ்தானின் கையிலிருந்த டெஸ்டர் நழுவித் தரையில் விழுந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆறு இன்குபேட்டர்கள். மூன்றாவதில் கிடப்பது அவன் மகள்.

"யோவ், திரையைச் சொன்னேன்யா! சாஃப்ட்வேர்தான் விழுந்துருச்சு. உன் பொண்ணு நல்லா மூச்சு விடுறா, பாரு."

"வார்த்தையைப் பாத்துப் பேசு தம்பி. ஈரக்குலையே நடுங்கிருச்சு."

கஹ்தான் அந்த பஸ்ரா ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீஷியன். கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளையில்லாத ஆண்களைக் கூப்பிடும் வழக்கப்படி ஊரே அவனை 'அபு காயிப்' என்றது. இன்னும் வந்து சேராதவனின் அப்பா. கடைசியில் வந்தவள், இரண்டு மாதம் முந்திக்கொண்டு வந்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குத்தான் வத்தனியா வந்திருந்தது. அரசாங்கக் கரண்ட். "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று வராந்தாவே கூவியது. வாட்ச்மேன் தன் அறைச் சுவிட்சை ஜெனரேட்டரிலிருந்து மாற்றிப் போட ஓடினான். ஒருவன் தண்ணீர் மோட்டாருக்கு ஓடினான். தலைமை நர்ஸ் பஹீஜா பாதி குடித்த டீயை சர்மத்தின் மேஜையிலேயே வைத்துவிட்டு வார்டுக்குள் விரைந்தாள். மூன்றாவது நிமிஷம் திரை கறுத்தது.

ஒரு வாரமாக இதே கதை. புது பேட்டரி வந்த நாளிலிருந்து.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் ஆறு மூச்சுக் கருவிகளும் பேட்டரியில்தான் ஓட வேண்டும். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் சர்மத் எழுதிய சாஃப்ட்வேரின் வேலை. இரண்டு மணிக்குக் கரண்ட் போகும். "ஒரு மணிக்குள்ள திரை வரலேன்னா குழந்தைகளை வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிருவேன்" என்று டைரக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வெளியே ஐம்பது டிகிரி. ஆம்புலன்ஸில் ஏசி கிடையாது.

"எனக்கு ஒண்ணுதான் புரியல," என்றான் சர்மத். "கரண்ட் போகும்போது விழுந்தா நியாயம். இது வரும்போது விழுதே!"

"வோல்டேஜ் எகிறுதுப்பா. வத்தனியா என்னைக்கு ஒழுங்கா வந்திருக்கு? குதிச்சுக்கிட்டுத்தான் வரும்."

"எகிறினா அந்த நொடியே விழணும். இந்தப் பதிவைப் பாரு. திங்கக்கிழமை ரெண்டு நிமிஷம் கழிச்சு விழுந்திருக்கு. செவ்வாய் நாலு. இன்னைக்கு மூணு. மிஷினுக்கு ஏதுய்யா இவ்வளவு சோம்பல்?"

கஹ்தான் கடிகாரத்தைப் பார்த்தான். கண்ணாடிக்குள் பார்த்தான். மறுபடி கடிகாரத்தை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு சர்மத் மேஜையைத் தட்டினான்.

"புடிச்சுட்டேன்! பேட்டரியில இருக்கறதை, கருவிங்க இழுக்கற கரண்டால வகுத்துத்தான் நிமிஷம் கணக்குப் போடுது. இழுவை பூஜ்யம்னு ஒரு எண் வருது. பூஜ்யத்தால எப்படி வகுக்கும்? மல்லாந்துருது!"

"ஆறு கருவி ஓடுது. பூஜ்யம் எங்கிருந்து வரும்?"

"புது பேட்டரியோட வந்த மீட்டர் பொய் சொல்லுது, வேறென்ன? பூஜ்யம் வந்தா நம்பாதே, கடைசியா வந்த எண்ணையே வச்சுக்கன்னு ஒரு வரி எழுதிட்டேன். அவ்வளவுதான்."

திரை உயிர்த்தது. ஆறு கட்டங்களும் பச்சை. 'நாற்பது நிமிடம்' என்றது. சர்மத் டைரக்டருக்குப் போன் செய்து சொன்னான். பையை எடுத்துத் தோளில் மாட்டினான். பாக்தாத் வண்டி ஒன்றரைக்கு.

"எங்க கிளம்பிட்டே?" கஹ்தான் குறுக்கே நின்றான். "பச்சை காட்டினா எனக்குப் போதாது. கரண்டை நிறுத்திப் பாக்கணும்."

"ரெண்டு மணிக்கு அதுவே போகுமேய்யா!"

"அப்ப நீ பாதி வழியில இருப்பே. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரைப் போய்ப் புடிக்கிறது? உள்ள கிடக்கறது என் பொண்ணு தம்பி, உன் பொண்ணு இல்ல."

சர்மத் பையை இறக்கினான். "சரி. ஆனா மெயின் லீவரை இறக்கிட்டா ஜெனரேட்டர் பிடிக்கிற வரைக்கும் திரும்ப ஏறாது. ஞாபகம் இருக்குல்ல?"

"நீதான் நாப்பது நிமிஷம்ங்கறியே. எனக்கு ஒரு நிமிஷம் போதும்."

கஹ்தான் சுவரோர இரும்புப் பெட்டியைத் திறந்தான். உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு லீவரைப் பிடித்தான். "பிஸ்மில்லாஹ்."

சர்மத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணினான். "மூணு... ரெண்டு..."

வார்டுக் கதவு திறந்தது. பஹீஜா தலைத்துணி நுனியால் நெற்றியைத் துடைத்தபடி வந்து, ஆறிப்போன டீயைக் கையில் எடுத்தாள். திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"எதுக்குப்பா அந்த பேட்டரியையே முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க? புதுசு, பாவம், ரெண்டு மணி வரைக்கும் ஓய்வெடுக்கட்டும்."

சர்மத்தின் கை சட்டென்று உயர்ந்து கஹ்தானைத் தடுத்தது. "ஓய்வா? என்ன ஓய்வு அக்கா?"

"வத்தனியா வந்ததுமே ஆறு கருவியோட பிளக்கையும் பேட்டரியிலேருந்து பிடுங்கிச் சுவத்துல மாட்டிட்டேனே!"