அத்தானுக்காக ஒரு ஜெபம்

“ஏங்க, வந்தவரு பசியோட உக்காந்திருக்காரு. ஜெபத்தைச் சுருக்கமா முடிங்க,” என்று மனைவி கிசுகிசுத்தாள்.

கணவருக்கு அதைச் சொல்லவே வேண்டாம். டிவியில் மேட்ச் ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டு ஜெபமோ அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்ணை மூடியதும் வாய் தானாக ஓடியது. மனதில் ஸ்கோர் ஓடியது.

“...ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் எங்கள் அத்தானை எழுந்து நடக்கச் செய்யும், ஆண்டவரே...”

மகள் களுக்கென்று சிரித்தாள்.

“ஜெபத்துல என்னடி சிரிப்பு?” கண்ணைத் திறக்காமலே அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்து முடித்தார். “ஆமென்!”

“ஆமென்!” என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னார் வந்தவர். “ஆனா மச்சான், நான் எழுந்து நடக்க ஆரம்பிச்சு ஒரு வருஷமாச்சு. இப்பக்கூட மூணு மாடி ஏறித்தானே உன் வீட்டுக்கு வந்தேன்!”

கணவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “மன்னிச்சிடுங்க அத்தான்... வாய் அதுபாட்டுக்குப் பழைய ஜெபத்தையே...”

“அட, விடு. நீ கேட்டதை ஆண்டவர் கவனமாத்தான் கொடுத்தாரு. நீதான் வாங்கினதைக் கவனிக்கலை,” என்று அத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

கணவர் எழுந்து டிவியை அணைத்தார். மறுபடி கண்ணை மூடினார். மனப்பாடமெல்லாம் எங்கேயோ ஓடிப்போயிருந்தது.

“ஆண்டவரே... அத்தான் நல்லாயிருக்காரு. என் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. நான்தான் பார்க்கலை...”

மகள் அம்மாவின் காதில் சொன்னாள்:

“அம்மா, அப்பா இன்னிக்கு நிஜமாவே யார்கிட்டயோ பேசுறாரு!”