படத்துக்கு இடைஞ்சல்

இப்போதெல்லாம் பெற்றவர்கள் யாரும் ஆட்டம் பார்ப்பதில்லை. படம் பிடிக்கிறார்கள். பையன் ஓடினாலும் படம், விழுந்தாலும் படம். தூக்கிவிடத்தான் ஆள் இல்லை.

நான் பேஸ்பால் மைதானத்தின் கடைசி வேலிக்கு வெளியே, சோளக்காட்டு ஓரமாக நின்றிருந்தேன். பதினொன்றாம் எண் சட்டை போட்ட பையன் அந்தப் பக்கம்தான் ஆடிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் வண்டியைக் கிளப்பிவிடலாம் என்று வந்தவன்.

அடித்த பந்து உயரக் கிளம்பி எங்கள் பக்கம் வந்தது. பையன் பின்புறமாகவே ஓடிவந்து, முதுகு வேலியில் உரச எம்பினான். கையுறைக்குள் பந்து டப்பென்று விழுந்தது.

என் மூச்சு அவன் கழுத்தில் பட்டிருக்கும். அவ்வளவு பக்கம்.

ஓவர் முடிந்தமாதிரி அவர்கள் இடம் மாறும் நேரத்தில், பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவன் அம்மா வேலியோரமாக வந்தாள். இதற்கு முன் என்னை அவள் பார்த்ததே இல்லை.

"பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. எம் பையன எப்ப எடுத்தாலும் பின்னால நீங்க நிக்கிறீங்க, ஸ்கோர்போர்டு மாதிரி! கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்."

"நான் நின்ன எடத்துக்குத்தாம்மா ஒம் பையன் வந்தான்."

சிரித்துவிட்டாள். படத்தைப் போனுக்கு மாற்றி, வேலிக் கம்பி வழியாகக் காட்டினாள்.

பையன் அந்தரத்தில் நின்றான். கண் பந்தின் மேல். நாக்கு வாயின் இடது ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்தது.

அவன் தோளுக்குப் பின்னால் நான். என் நாக்கும் இடது ஓரத்தில்.

"ஐயோ, இதப் பாருங்க! எங்க வீட்ல அப்பாவும் மகனும் இப்படித்தான். எங்கேருந்துதான் வந்துச்சோ இந்தப் பழக்கம். இருங்க, ரஸ்ஸல் வேலை முடிஞ்சு இப்ப வந்துருவாரு. அவர்கிட்ட காட்டணும், விழுந்து விழுந்து சிரிப்பாரு."

வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ரஸ்ஸல் சிரிக்க மாட்டான். அது என் அப்பாவின் பெயர். என் மகன் பிறந்தபோது அவனுக்கு நான் வைத்தது. இனி என் வாசலில் நிற்காதே என்று அவன் சொன்னதுதான் எங்களுக்குள் கடைசிப் பேச்சு.

இது வாசல் இல்லை, மைதானம். இருந்தாலும்.

"இந்தக் கெழவன் எதுக்கும்மா அதுல? அழிச்சிரு."

"அது ஒரு நொடி வேலைதான்."

விரலால் தேய்த்தாள். நான் நின்ற இடத்தில் சோளப்பயிர் முளைத்தது.

"பாத்தீங்களா? யாருமே நின்ன மாதிரி இல்ல!"

தலையாட்டிவிட்டு வண்டியை நோக்கி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் கேமரா மறுபடியும் சடசடத்தது.

யாருமே நின்ற மாதிரி இல்லையாம்.

படத்தில் பையனின் நாக்கு அப்படியேதான் இருந்தது.