காணாமல் போன 2003

மூன்றாவது தடவையாக 2003 காணாமல் போயிருந்தது.

2002இல் புதுக் கழிப்பறைத் திறப்பு. அடுத்து நேரே 2005, கம்ப்யூட்டர் அறை. நடுவே ஒன்றுமில்லை. பிரின்ஸிக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

மறுநாள் பள்ளியின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழா. பள்ளியின் கதையை ஒரு நீளக் கோடாக்கி, பெரிய திரையில் வருஷத்தைத் தொட்டால் படம் விரிகிற மாதிரி செய்திருந்தாள். படத்தில் ஒரு முகத்தைத் தொட்டால் பெயரும் வரும். எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததை வைத்துச் செய்ததுதான்.

ஆளாளுக்குப் பழைய போட்டோவைச் சேர்க்கட்டும் என்று லிங்க்கை, ரிட்டயரானவர்களும் இருக்கும் ஆசிரியர் குரூப்பில் போட்டது வினையாகிவிட்டது. ஒருவர் 1994இல் தன் கல்யாணப் போட்டோவைச் சேர்த்திருந்தார். யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். செய்தது யார் என்று பார்த்தால், எல்லோருக்கும் 'கெஸ்ட்' என்று ஒரே பெயர்.

2003 என்ன லேசுப்பட்ட வருஷமா? பத்தாம் வகுப்பில் நாற்பது பேர் எழுதி நாற்பது பேரும் பாஸ். பள்ளியின் முதல் நூற்றுக்கு நூறு. படத்தில் நடுவே மாலையும் கழுத்துமாக அன்றைய ஹெட்மாஸ்டர் இருதயசாமி, சுற்றிலும் நாற்பது முகங்கள்.

அழித்தது யார் என்பதில் பிரின்ஸிக்குச் சந்தேகமே இல்லை. பி.டி. வாத்தியார் சிவமுருகன்தான். வருஷத்துக்கு ஒரு கட்டம்; இலவசத்தில் முப்பது கட்டத்துக்கு மேல் விடாது. முப்பதும் நிரம்பி, அவருடைய 2016 கோ-கோ கோப்பை வெளியே நின்றது. ஒரு கட்டம் காலியானால்தான் அதற்கு வழி.

டீ இடைவேளையில் நேராகப் போய் நின்றாள்.

"சார், 2003ஐ எங்க கொண்டுபோய் வச்சீங்க?"

சிவமுருகன் பஜ்ஜியை வாயருகே நிறுத்தினார். "நான் என்ன டீச்சர், அதைச் சட்டைப்பையிலயா வச்சிருக்கேன்?"

"உங்க கோ-கோவுக்கு எடம் வேணும்னா வாய்விட்டுக் கேளுங்க. பெரியவர் படத்துல கை வைக்காதீங்க."

"நல்லாருக்கே! எனக்கு வாட்ஸ்அப்புல ஸ்டேட்டஸ் வைக்கவே எம் பொண்ணு வரணும். நான் போயி வருஷத்தை அழிக்கிறேனா?"

"பின்ன, அதுவா எறங்கி பஸ் ஏறி வத்தலக்குண்டு போயிருச்சா?"

அறையே சிரித்தது. சிவமுருகனும் சிரித்தார். ஆனால் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"நாங்க ஜெயிச்சது நெசம் டீச்சர். அதுக்காக இன்னொருத்தர் ஜெயிச்சதை அழிக்கிற ஆளு நான் இல்லங்க."

என்னமா நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் பிரின்ஸி.

கையோடு பழைய லிங்க்கைச் செல்லாமல் ஆக்கினாள். 2003ஐ நான்காம் தடவையாக ஏற்றினாள். நாற்பது முகத்துக்கும் மறுபடி பெயர் ஒட்டி முடிப்பதற்குள் விரல் மரத்துவிட்டது. புது லிங்க்கை ஒரே ஒருவருக்கு மட்டும் அனுப்பினாள். ரிட்டயராகி செண்பகனூரில் இருக்கும் இருதயசாமிக்கு. அந்த ரிசல்ட் வந்த பேப்பர் துண்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பவர் அவர். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர்கூட அதை ஒருமுறை படித்தாக வேண்டும். அந்த வருஷத்துக்கு அவரைவிட நல்ல காவல் எங்கே கிடைக்கும்?

'சார், உங்க 2003ஐ யாரோ பொறாமையில அழிக்கிறாங்க. இனிமே உங்களையும் என்னையும் தவிர யாரும் தொட முடியாது. இதைவிட நல்ல போட்டோ இருந்தா நீங்களே போடுங்க' என்று கூடவே ஒரு செய்தி.

நீல டிக் விழுந்தது. நிம்மதியாகப் போய் முகம் கழுவிவிட்டு வந்து திரையைப் பார்த்தாள்.

2002, கழிப்பறை. 2005, கம்ப்யூட்டர் அறை.

உடனே போன் போட்டாள்.

"சார், கை தவறிப் பட்டுருச்சா?"

"இல்லம்மா. பாத்துத்தான் அழிச்சேன்."

"அப்ப முன்ன மூணு தடவை?"

"நாந்தான். ஒங்கிட்ட வாய்விட்டுச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எதுக்கு சார்? நாப்பதுக்கு நாப்பது சார்!"

"வகுப்புல நாப்பத்தொரு பேரும்மா."

அந்தப் பக்கம் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை அவர் காத்திருந்தார்.

"ஒருத்தனுக்குக் கணக்கு வராது. பரீட்சைக்குப் பேரு அனுப்புறதுக்கு முந்தின நாளு டி.சி.யைக் கையில குடுத்து அனுப்பிட்டேன். வில்பட்டியில பூண்டு போடுறானே ஞானவேல், அவன்தான். இத்தனை வருஷம் எனக்கு ஒறைக்கல. நீ முகத்தைத் தொட்டாப் பேரு வர்ற மாதிரி பண்ணிட்ட பாரு, ஒவ்வொண்ணாத் தொட்டுக்கிட்டே போனேன். நாப்பதோட நின்னுருச்சு."

"அதெல்லாம் பழைய கதை சார். நாளைக்கு விழாவுல யாரு வந்து அதைக் கேக்கப் போறா?"

"அவன் மக சௌம்யா ஒன் வகுப்புலதானம்மா இருக்கா. புள்ளைக எல்லாம் மொதல்ல அப்பா படிச்ச வருஷத்தைத்தான் தொடும். அது நாப்பது முகத்தையும் தொட்டுப் பாத்துட்டு, 'எங்கப்பா எங்க டீச்சர்?'னு கேட்டா, நீ என்னத்தச் சொல்லுவ?"