கடும்பச்சைச் சட்டை

நியூசிலாந்தில், மனுகாவ் நகரத்துத் துணிக்கடையொன்றில், உடை மாற்றும் அறைகளுக்கு முன்னால் கஜந்தினி நிற்கிறாள். வெள்ளை வெளிச்சத்தில் எல்லா முகங்களும் ஒரேமாதிரி வெளிறித் தெரிகின்றன. பக்கத்தில் மகள் ஆரபி ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். "சஃபாரி லொட்ஜில இருந்து ரிப்ளை வந்திட்டுது. நாங்கள் ஆபிரிக்காவில நிக்கிற கிழமைதான் அங்க எலெக்‌ஷனாம். பட் இட்ஸ் சேஃப், அம்மா. ரோட்டெல்லாம் ஆமி நிக்குமாம்." "ஓம்" என்கிறாள் கஜந்தினி. எங்கேயோ ஹாங்கர்கள் கம்பியில் உரசிக்கொண்டு போகின்றன. திரை விலகுகிறது. சஃபாரிக்கென்று எடுத்த கடும்பச்சைச் சட்டையும் அதே நிறக் காற்சட்டையுமாக அவள் கணவன் வசீகரன் வெளியே வருகிறான். தோளில் பட்டி, நெஞ்சில் இரண்டு பொக்கற். மணிக்கட்டில் விலைச்சீட்டு ஆடுகிறது. "எப்படி இருக்கு?" அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. கை மட்டும் கைப்பைக்குள் போய் டிரைவிங் லைசென்ஸை எடுத்து, யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடிகளில் ஆமிக்காரரிடம் அடையாள அட்டையை நீட்டிப் பழகிய அதே உயரத்தில், படம் தெரியும்படி, அவனிடம் நீட்டுகிறது. ஆரபி சிரிக்கிறாள். "அம்மா, அப்பா கஷியர் இல்லை." வசீகரன் சிரிக்கவில்லை. சட்டையின் மேல் பொத்தானை மெதுவாகக் கழற்றுகிறான். "நான்தான், கஜி" என்கிறான். போகலாம் என்று அவன் இன்னும் சொல்லவில்லை. அவள் கையை இறக்காமல் நிற்கிறாள்.