ஊசித் துளை

மூடியைத் திறந்ததும் பெட்ரோல் டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது.

‘ஸ்ஸ்ஸ்...’ என்று நீளமாக ஒரு சத்தம். நதீம் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

“கேட்டீங்களா பாய்? மாமா உள்ளயேதான் இருக்காரு. நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க” என்றான் ரஞ்சித்குமார். காரிமங்கலத்திலிருந்து அக்காவைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிவந்தவன், வண்டி வழியில் நின்றுபோய், கடைசி ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்திருந்தான். தருமபுரிக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட முதல் பட்டறை நதீமுடையது.

“வாயை மூடுறா” என்றாள் ஜெயபிரியா.

வண்டி அவள் கணவன் கோகுல்ராஜுடையது. போன ஐப்பசியில், தொப்பூர் இறக்கத்தில், ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரியால் நிற்க முடியவில்லை. வண்டிக்குப் பின்பக்க மட்கார்டும் லைட்டும்தான் போயின.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த நாளாய் அது இப்படித்தான். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடும். திடீரென்று உயிர் போனதுபோல் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மூன்று மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். பிளக் மாற்றியாயிற்று, கார்புரேட்டர் கழுவியாயிற்று. தெருவில் யாரும் இப்போது அந்த வண்டியில் ஏறுவதில்லை.

“நாளைக்கு இதை வித்துடுவேங்கண்ணா. அதுக்கு முந்தி எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்” என்றாள் ஜெயபிரியா. “அன்னிக்கு வண்டியா நின்னுச்சா, அவரா நிறுத்துனாரா?”

நதீம் நிமிர்ந்து பார்த்தான்.

“அதே நிமிஷம் நான் போன் பண்ணியிருக்கேன். அதை எடுக்கத்தான் நிறுத்துனாருன்னு எங்க மாமியா சொல்லுது. ஸ்டேஷன்ல மூடியைத் தொறந்து பெட்ரோல் இருக்குதான்னு பாத்தாங்க. இருந்துச்சு. உதைச்சாங்க. ஒரே உதையில ஸ்டார்ட் ஆயிடுச்சு. வண்டியில கோளாறு இல்லைன்னுட்டாங்க.”

அவள் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த குரல்.

நதீம் மூடியைத் திருப்பிப் பார்த்தான். கம்பெனி மூடி அல்ல. சாவி தொலைந்தவர்கள் வாங்கிப் போடும் கடை மூடி. நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டும். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்தத் துளை வழியாகத்தான் காற்று உள்ளே போகும். காற்று போகாவிட்டால் டேங்க் பெட்ரோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்துவிடும், ஓடும். திறந்து பார்க்கிற ஒவ்வொரு முறையும் குற்றம் தானாகவே அழிந்துவிடும்.

துளை தெரியவில்லை. அதை மறைத்துக்கொண்டு உள்பக்கம் ஒரு ரப்பர் வட்டம்.

நகத்தால் நெம்பி எடுத்தான். பழைய பைக் ட்யூப். டீ கிளாஸின் அடியை வைத்து, சாக்பீஸால் கோடு இழுத்து, கத்திரியால் வெட்டியது. ஓரத்தில் சாக்பீஸின் வெள்ளை இன்னும் லேசாக ஒட்டியிருந்தது.

நதீமின் விரல்கள் அதன்மேல் மூடிக்கொண்டன.

“என்ன பாய், பேயைப் புடிச்சிட்டீங்களா?” என்றான் ரஞ்சித்குமார்.

“தூசு” என்றான் நதீம்.

“அவ்வளவுதானா?” ஜெயபிரியா தலையாட்டினாள். “அப்ப வண்டி மேல தப்பில்ல. என் போன்தான்.” மூடியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

நதீம் அந்தக் கையில் மூடியை வைக்கவில்லை. தன் கையை விரித்து, ரப்பர் வட்டத்தை வைத்தான்.

“அவரு நிறுத்தலைம்மா. வண்டிதான் நின்னுச்சு. இது காத்துத் துளையை அடைச்சிக்கிட்டதால நின்னுச்சு.” மூடியை டேங்கின் மேல் வைத்தான். “மழைத்தண்ணி டேங்க்ல எறங்குதுன்னு யாரோ ஒருத்தர் வந்தாரு. முகம்கூட ஞாபகம் இல்ல. இதை வெட்டி வெச்சது நான்தான்.”

ரஞ்சித்குமார் பாய்ந்து நதீமின் சட்டையைப் பிடித்தான். நதீம் விலக்கவில்லை.

ஜெயபிரியா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் சுமந்ததை இறக்கிவைத்தவள்போல் தரையில் உட்கார்ந்தாள்.

“அவரை விடுறா” என்றாள். பிறகு நதீமைப் பார்த்தாள்.

“இது மாதிரி வேற யாருக்காச்சும் போட்டீங்களாண்ணா?”

வெளியே சாலையில் பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொப்பூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

ஒரு ட்யூபில் முப்பது வட்டம் தேறும். அந்த மழைக்காலத்தில் நதீம் இரண்டாவது ட்யூபை வெட்டத் தொடங்கியிருந்தான்.