பச்சைத் தீ

“வாரா வாரம் கதையை மாத்துறானுக. புத்தகத்துல வர்ற மாதிரி டிராகன் இன்னைக்குப் பச்சைத் தீ கக்கலேன்னா டிவியை அமத்திரு!” கருப்பணன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார்.

அந்தப் புத்தகத்தின் ஏழு பாகங்களையும் அவருக்கு வாசித்துக் காட்டிய மனைவி பாண்டிலட்சுமி திரையை உற்றுப் பார்த்தாள்.

டிராகன் சீறியது.

“பச்சைதாங்க! பட்டாசு கம்பெனியில நீங்க மருந்து கலப்பீகளே, அதே பச்சை!”

“அப்பிடிப் போடு!” கருப்பணன் கை தட்டினார்.

கோயம்புத்தூரிலிருந்து மகளின் செய்தி போனில் வந்தது. ‘தீயைச் சிவப்பாக்கிக் கெடுத்துட்டானுகம்மா! நெட்டுல எல்லாரும் திட்டுறாக. அப்பாட்ட என்ன சொன்ன?’

பாண்டிலட்சுமி போனைக் கவிழ்த்து வைத்தாள். கணவரின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிவிட்டாள்.

கம்பெனியில் தீப்பிடித்த அன்று அவர் கண்கள் கடைசியாகப் பார்த்த நிறமும் பச்சைதான்.